ஆறாவது கோப்பை

மோசெல்லின் கையிலிருந்த தகரத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

அந்தச் சத்தம் லாமோண்ட் கவுண்டி ஜெயிலின் மாடி முழுக்கக் கேட்டது. தட்டில் இருந்தவை இரண்டு சோள ரொட்டிகள். ஒன்று அங்கேயே உடைந்தது. இன்னொன்று சறுக்கிக்கொண்டு போய் எஸ்ரா டோலிவரின் கால்களுக்குக் கீழே நின்றது.

அந்தக் கால்கள் தரையைத் தொடவில்லை!

மெத்தைத் துணியை நீளமாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் ஒரு சுருக்கு. சுருக்கில் எஸ்ராவின் கழுத்து. காலை வெயில் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

மோசெல் கத்தவில்லை. ஓடிப்போய் அந்தக் கால்களைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். உயிர் மிச்சம் இருக்கும் என்று ஒரு நப்பாசை. ஆனால் உடம்பு சில்லென்று விறைத்திருந்தது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

இடது கன்னத்திலிருந்து காது வரை தோல் வழன்று கொப்புளம் போட்டிருந்தது. சமையல் கட்டிலேயே காலம் தள்ளியவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை... சூடாக எதையோ ஊற்றியிருக்கிறார்கள்.

வலது கை இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினாள். உள்ளே இருந்தது ஒரு பீங்கான் துண்டு. கோப்பையின் கைப்பிடி. அதன் மேல் முனையில் குட்டியாக ஒரு சிவப்பு ரோஜா மொட்டு.

அவள் வீட்டுக் கோப்பை!

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மோசெல் கைப்பிடியை ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"என்னடி சத்தம்?"

ஷெரிஃப் எல்பர்ட் ஸ்லோன் வாசலில் நின்றான். லாமோண்ட் கவுண்டி என்ற அந்த ஜில்லாவின் சட்டம், ஒழுங்கு, அவளுடைய புருஷன், மூன்றும் அவன்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி... தானே மாட்டிக்கிட்டானா?"

அவன் குரலில் ஆச்சரியம் ஒரு மாத்திரை கூடுதலாக இருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா...

மிசிசிப்பிப் பக்கம் அந்தக் காலத்தில் அப்படித்தான் ஏற்பாடு. மேலே ஜெயில், கீழே ஷெரிஃப் வீடு. ஷெரிஃபுக்குக் கழுத்தை நீட்டியவள் கைதிகளுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். மோசெல் மூன்று வருஷமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

பாத்திரங்களிலும் ஒரு ஏற்பாடு உண்டு. கைதிக்குத் தகரத் தட்டு, தகரக் குவளை. கறுப்பு மனிதர் யார் வந்தாலும், கைதியோ இல்லையோ, அதே தகரம்தான். ஷெரிஃபைப் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பெரிய மனிதருக்கு மட்டும் ரோஜாப்பூப் போட்ட பீங்கான் கோப்பை. பெரிய சீமைச் சரக்கு ஒன்றும் இல்லை. ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாக வருவது. டப்பா டப்பாவாக வாங்கி மோசெல் சேர்த்தவை ஆறு.

அந்த ஆறில் ஒன்றின் கைப்பிடிதான் இப்போது அவள் ஏப்ரன் பையில் இருந்தது.

நேற்று புதன்கிழமை. ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் தாமதமாகத்தான் வீடு திரும்பினாள். சமையலறையில் இரண்டு சாஸர்களும் ஒரு கோப்பையும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவாத எல்பர்ட் பாத்திரம் கழுவியிருக்கிறான்! மோசெல்லுக்கு மனசு நெகிழ்ந்து போனது. தூங்கிக்கொண்டிருந்தவனின் போர்வையை இழுத்து விட்டுவிட்டுப் படுத்தாள்.

சாஸர் இரண்டு, கோப்பை ஒன்று... அந்தக் கணக்கு இப்போதுதான் உதைத்தது.

"நேத்து யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் வரலையே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

* * *

விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

சாவை விசாரிக்க வேண்டிய கரோனர் நாற்காலி மேஜைக் கடை வைத்திருந்தவர். சவப்பெட்டியும் அவர் கடையில்தான். ஜூரியாக வந்த ஆறு பேரும் செனட்டர் ஆம்ப்ரோஸ் வைதர்ஸின் நிலத்தையோ அவருடைய பருத்தி ஆலையையோ நம்பிப் பிழைப்பவர்கள். செனட்டருடைய தாத்தா கொடுத்த மனையில்தான் கோர்ட்டே நின்றது. செனட்டருடைய தோட்டத்து மணி அடித்த பிறகுதான் கோர்ட்டுக் கடிகாரத்துக்கு முள் திருப்புவார்கள்.

முகத்தில் என்ன காயம் என்று மோசெல் கேட்டாள். வயலில் வேலை செய்த முகம், வெயில் பட்டிருக்கும் என்றார் கரோனர். ஏப்ரல் மாசத்து வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் படுமா என்று அவள் கேட்கவில்லை. எல்பர்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தற்கொலை. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

எஸ்ரா டோலிவர் செய்த குற்றம் என்ன? செனட்டரின் கொட்டகையிலிருந்து கோவேறு கழுதையின் கழுத்துப் பட்டையைத் திருடினார் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊருக்கு அசல் சங்கதி தெரியும். அவர் மூன்று தடவை கோர்ட்டுக்குப் போய், வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். மூன்று தடவையும் துரத்தினார்கள். திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்று தொப்பியைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மரியாதையைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம் சமையலறைப் பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

எஸ்ராவின் மனைவி ஒஸெல்லா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் உடுப்பைப் போட்டிருந்தாள். வெள்ளைக்கார வீட்டு முன்வாசலுக்கு அவள் வரக் கூடாது. அதனால் கோழிக்கூண்டு வழியாகச் சுற்றி வந்திருந்தாள்.

"அம்மா, அவரோட தொப்பியை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மோசெல் தொப்பியை எடுத்து வந்து கொடுத்தாள். ஒஸெல்லா அதைத் தட்டி, உள்விளிம்பைத் துடைத்து, கையில் வைத்துக்கொண்டாள். போகவில்லை.

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"பட்டாணியும் சோள ரொட்டியும். ரொட்டி இன்னொண்ணு இருக்குமான்னு கேட்டார். தீந்து போச்சு, காலையில ரெண்டா தரேன்னு சொன்னேன். சரிம்மா, நான் எங்க போகப் போறேன்னு சிரிச்சார்."

சொல்லிவிட்டு மோசெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒஸெல்லா அழவில்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

"காலையில ரொட்டி வேணும்னு சொன்ன மனுஷன், ராத்திரி தூக்கு மாட்டிக்குவாராம்மா?"

மோசெல்லின் கை ஏப்ரன் பைக்குள் போனது. கைப்பிடி விரலில் குத்தியது. எடுத்துக் காட்டினால் என்ன ஆகும்? புகார் கொடுக்க வேண்டியது ஷெரிஃபிடம். விசாரிக்க வேண்டியவன் ஷெரிஃப். பீங்கான் துண்டு ஆற்றுக்குப் போகும். பின்னாலேயே ஒஸெல்லாவும் போவாள்.

"உனக்கு என்ன வேணும், ஒஸெல்லா?"

"அவர் திரும்ப வரப் போறதில்ல. பழிக்குப் பழியெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாதும்மா. யாரு செஞ்சா, எதுக்குச் செஞ்சா... அதை அந்தக் கோர்ட்டுக்குள்ள ஒருத்தர் சத்தமா சொல்லணும். என் காதால நான் கேக்கணும். அவ்வளவுதான்."

தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கோழிக்கூண்டு வழியாகவே திரும்பிப் போனாள்.

மோசெல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு மாவு டப்பாவைத் திறந்து, அடியாழத்தில் கைப்பிடியைப் புதைத்தாள். எல்பர்ட் ஜென்மத்துக்கும் கை வைக்காத இடம் அதுதான்.

* * *

பத்து நாள் கழித்து செனட்டர் வைதர்ஸ் காப்பிக்கு வந்தார்.

வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலை, தேன் தடவிய பேச்சு. மூன்று தலைமுறையாக வைதர்ஸ் குடும்பம்தான் லாமோண்டில் பருத்தி விதைத்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் கை காட்டியவன்தான் ஷெரிஃப். எல்பர்ட்டும் அப்படி ஆனவன்தான்.

இப்போது ஒரு சிக்கல். ஒரு தடவை ஷெரிஃபாக இருந்தவன் அடுத்த தடவை நிற்க முடியாது என்பது அந்த மாநிலத்துச் சட்டம். எல்பர்ட்டின் காலம் டிசம்பரோடு முடிகிறது. ஆகஸ்டில் கட்சித் தேர்தல். அதில் ஜெயித்தவன் ஜெயித்த மாதிரிதான். நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு.

மோசெல் காப்பியை ஊற்றினாள். செனட்டரின் விரல் கோப்பையின் ரோஜா மொட்டைத் தடவியது. கண்கள் அலமாரிக்குப் போயின.

"அழகான கோப்பை. ஆறு இருந்ததே, மோசெல்? அஞ்சுதான் தெரியுது."

எல்பர்ட் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"பூனை தட்டி விட்டுடுச்சு, செனட்டர்."

"அச்சச்சோ..."

"போனா போகட்டும். ஓசியில வந்ததுதானே?"

செனட்டர் சிரித்தார். எல்பர்ட்டும் சிரித்தான். இரண்டு பேருடைய தோள்களும் ஒரே சமயத்தில் இறங்கியதை மோசெல் கவனித்தாள். அதுவரை மனசின் ஒரு மூலையில், செனட்டராக இருக்காதோ என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

செனட்டர் விஷயத்துக்கு வந்தார். பக்கத்துக் கவுண்டிகளில் செய்வதுதானாம். புருஷன் நிற்க முடியாவிட்டால் பெண்டாட்டியை நிற்க வைப்பது. பெயர் அவளுடையது, நாற்காலி அவனுடையது. எல்பர்ட் டெபுடி, அதாவது உதவி ஷெரிஃப் என்ற பெயரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான். நாலு வருஷம் கழித்து அவனே மறுபடி ஷெரிஃப்.

"நீ எதுவும் பண்ண வேண்டாம்மா," என்றார் அவர். "காட்டற இடத்துல கையெழுத்துப் போடு. மத்த நேரம் எப்பவும் போல சமைச்சுக்கிட்டு இரு. உன் பீச் பழ ஜாமுக்கே எண்ணூறு ஓட்டு விழும்."

மோசெல் காலியான கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

ஜூரியில் உட்காரப் பெண்ணுக்கு அனுமதி இல்லாத மாநிலம் அது. ஷெரிஃபாக உட்காரலாமாம்! சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் கண் அசந்துவிட்டார்கள்.

"பேட்ஜ் எனக்குத்தானே குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உனக்குத்தான். ஏப்ரன்ல குத்திக்கோ," என்றான் எல்பர்ட்.

"சரி. நிக்கறேன்."

* * *

கோடை முழுக்க ஓட்டு வேட்டை நடந்தது. பன்றியை முழுசாகக் குழியில் வாட்டி ஊருக்கே விருந்து வைத்தார் செனட்டர். மோசெல் படம் போட்ட அட்டை விசிறிகளை வெள்ளைக்கார சர்ச்சு ஒன்று விடாமல் கொடுத்தார்கள். எல்பர்ட் எழுதிக் கொடுத்த நாலு வரியை அவள் ஒப்பித்தாள். என் புருஷன் காட்டிய வழியில் நடப்பேன் என்பது கடைசி வரி. அந்த இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

எதிர்த்து நின்றவன் ராயல் கிம்ப்ரோ. போருக்குப் போய் வந்தவன். கதவை அடைக்கும் உடம்பு. போன தடவை எல்பர்ட்டிடம் தோற்றான். இந்தத் தடவை எல்பர்ட்டின் மனைவியிடம் தோற்றான். ஊர் அவனைக் கேலி செய்தது. அவன் மோசெல்லிடம் வந்து கை குலுக்கி வாழ்த்திவிட்டுப் போனான்.

அந்தக் கோடையில் மோசெல்லுக்குப் புதிதாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தினமும் ஓட்ஸ் கஞ்சி குடித்தாள். எல்பர்ட்டுக்கும் அதுதான், கைதிகளுக்கும் அதுதான். மனுஷன் தின்பானா இதை என்று எல்பர்ட் முகம் சுளித்தான். வயசாகிறது, உடம்புக்கு நல்லது என்றாள்.

ஒஸெல்லாவைத் தெருவில் ஒரே ஒரு தடவை பார்த்தாள். எஸ்ராவின் தொப்பியை அவளே போட்டுக்கொண்டு பருத்தி எடுக்கும் வண்டியில் நின்றிருந்தாள். மோசெல் கையை உயர்த்தப் போய், முடியாமல் கீழே போட்டாள். விசிறியில் சிரிக்கும் முகத்தோடு அவளிடம் என்ன பேசுவது?

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

* * *

ஜனவரி மாதம், திங்கட்கிழமை காலை.

கோர்ட்டு நிரம்பி வழிந்தது. கீழே வெள்ளைக்காரர்கள், மேலே பால்கனியில் கறுப்பர்கள். மெம்ஃபிஸிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர், பெண் ஷெரிஃப் என்ற தமாஷைப் படம் பிடிக்க வந்திருந்தார். சத்தியப் பிரமாணம் செய்து வைக்க வெளி ஜில்லாவிலிருந்து ஜட்ஜ் டன்வுடி வந்திருந்தார். யார் நிலத்தையும் நம்பிப் பிழைக்காத மனிதர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான்.

பால்கனியின் முதல் வரிசையில் ஒஸெல்லா உட்கார்ந்திருந்தாள். மடியில் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை மோசெல் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள்.

பைபிளில் கை வைத்து மோசெல் பிரமாணம் எடுத்தாள். நீல உடுப்பில் பேட்ஜ் ஏறியது. எல்பர்ட் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்து நின்றான். டெபுடியாக அவனை நியமிக்க வேண்டியது ஷெரிஃபின் முதல் வேலை.

மோசெல் தாளில் கையெழுத்துப் போட்டு ஜட்ஜிடம் நீட்டினாள்.

ஜட்ஜ் படித்தார். புருவம் ஏறியது.

"டெபுடி ஷெரிஃப்... ராயல் கிம்ப்ரோ?"

கூடம் கலகலத்தது. எல்பர்ட்டின் பல்லெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பெயரை மாற்றி எழுதிவிட்டாள் என்று யாரோ சிரித்தார்கள். கிம்ப்ரோ எழுந்து, விறுவிறுவென்று நடந்து வந்து, மோசெல்லுக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு முன்பே தெரியும் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

"மோசெல், என்ன விளையாட்டு இது?" எல்பர்ட் பல்லைக் கடித்தான்.

"காப்பி குடிங்க. அப்புறம் பேசலாம்."

புது ஷெரிஃபின் மனைவி அன்றைக்குப் பெரிய மனிதர்களுக்குக் காப்பி கொடுப்பது லாமோண்ட் வழக்கம். இந்தத் தடவை ஷெரிஃபும் அவள்தான், ஷெரிஃபின் மனைவியும் அவள்தான். ஆகவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பேட்ஜோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜட்ஜுக்கு ஒரு ரோஜாக் கோப்பை. பத்திரிகைக்காரருக்கு ஒன்று. கரோனருக்கு ஒன்று. எல்பர்ட்டுக்கு ஒன்று.

முன்வரிசையில் செனட்டர் உட்கார்ந்திருந்தார். மிசிசிப்பி மதுவிலக்கு மாநிலம். ஆகவே விசேஷ நாளில் எல்லாரும் குடித்திருப்பார்கள். செனட்டருக்குள்ளும் காலையிலேயே மூன்று மடக்கு போயிருந்தது.

அவர் முன்னால் மோசெல் கடைசிக் கோப்பையை வைத்தாள்.

அதில் காப்பி இல்லை. விளிம்பிலிருந்து அடி வரை ஒரு விரிசல். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு முறிந்த முனைகள். ஏப்ரன் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து சாஸரில் வைத்தாள்.

டிங்...

செனட்டரின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து போனது. கோப்பையைப் பார்த்தார். ரோஜா மொட்டைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, எல்பர்ட் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் பொறுக்கி ஆத்துல போட்டுட்டேன்னு சொன்னியேடா!"

ஜட்ஜ் தன் காப்பியைக் கீழே வைத்தார்.

"போட்டேன் ஐயா," எல்பர்ட் உளறினான். "சத்தியமா ஒரு துண்டு விடாமப் போட்டேன்... கைப்பிடியை மட்டுந்தான் காணோம்..."

"கைப்பிடியைக் காணோமா? அதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"அவன் கைக்குள்ள இருக்கும்னு எனக்கு எப்படி ஐயா தெரியும்?"

"யார் கைக்குள்ள?" ஜட்ஜ் டன்வுடியின் குரல் மேடையிலிருந்து வந்தது.

எல்பர்ட் திரும்பி ஜட்ஜைப் பார்த்தான். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. செனட்டருக்கும் உறைத்தது. ஆனால் அவர் அரசியல்வாதி. கப்பல் முழுகும்போது யாரைத் தள்ளி விடுவது என்று அவருக்கு யோசிக்கவே வேண்டாம்.

"கழுத்தை நெரிச்சது இவன்தான், ஜட்ஜ். நான் பேசத்தான் போனேன். பேர் சேர்க்கறதை விட்டுடுன்னு நல்லபடியா சொன்னேன். திங்கட்கிழமை வரேன் ஐயான்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான்! கோபத்துல கையில இருந்த காப்பியை ஊத்தினேன். அவன் கோப்பையைப் பிடிச்சுட்டான். அவ்வளவுதான் நான்."

"பிடிடா அவனைன்னு கத்தினது யாரு?" எல்பர்ட்டின் குரல் உடைந்தது. "விடாதே, அமுக்குன்னு சொன்னது யாரு? உங்களுக்குக் காப்பி குடுத்தது ஒண்ணுதான் ஐயா நான் பண்ண தப்பு!"

பத்திரிகைக்காரரின் பென்சில் பறந்தது.

மோசெல் பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள். ஒஸெல்லா எழுந்து நின்றிருந்தாள். யார், எதற்காக... கோர்ட்டுக்குள், சத்தமாக. மெல்லத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"கிம்ப்ரோ," என்றாள் மோசெல். "ரெண்டு பேரையும் ஜெயில் மாடிக்குக் கூட்டிட்டுப் போ."

"நான் உன் புருஷன்டி!"

"தெரியும், எல்பர்ட். நீ பாத்திரம் கழுவின அன்னிக்கு ராத்திரி உனக்குப் போர்வை போத்தி விட்டவ நான். அதை நினைச்சா இப்பவும் என் கை கூசுது."

அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜட்ஜ் அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆத்துல போட்டதுன்னு அவன் சொல்றான். எங்கேம்மா கண்டெடுத்தே?"

"ஓட்ஸ் டப்பாவுல, ஜட்ஜ்."

"என்னது?"

"கைப்பிடி மட்டுந்தான் எஸ்ரா கையில இருந்தது. கோப்பை போன நவம்பர்ல வந்தது. ஒரு டப்பாவுல சாஸர், ஒரு டப்பாவுல கிண்ணம்னு ஓட்ஸ் கம்பெனிக்காரன் ஏமாத்திக்கிட்டே இருந்தான். இந்தக் கோப்பைக்காக ஒரு கோடை முழுக்க, அதுக்கு மேலயும் கஞ்சி குடிச்சேன். நேத்துதான் சுத்தியலால தட்டிக் கைப்பிடியை உடைச்சேன்."

* * *

சாயங்காலம் பின்கதவை யாரோ தட்டினார்கள். மோசெல் போய்த் திறந்தாள்.

"முன்வாசல் வழியா வரலாமே, ஒஸெல்லா."

"கால் பழகின வழி இதுதாம்மா."

இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். மோசெல் ரோஜாக் கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ஒஸெல்லா அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"கேட்டேன்," என்றாள் கடைசியில்.

"ஜூரி விட்டுடும், ஒஸெல்லா. பன்னிரண்டு பேரும் அவங்க ஆளுங்கதான். கோடைக்குள்ள ரெண்டு பேரும் வெளியே வந்துடுவாங்க. என்னையும் இங்க இருக்க விட மாட்டாங்க."

"தெரியும்மா."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நாம ரெண்டு பேருமே இன்னிக்கு இல்ல." ஒஸெல்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "திங்கட்கிழமை வரேன்னு அவங்ககிட்ட சொன்னாராமே. எங்கிட்டயும் அதையேதான் சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்குத் திங்கட்கிழமை..."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒன்பது மாசமாக அடக்கி வைத்த அழுகை. மோசெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அடுப்பில் சோள ரொட்டி தீயும் வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஒஸெல்லா போன பிறகு, தீயாத ரொட்டிகளாகப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு மோசெல் மாடிப்படி ஏறினாள். எல்பர்ட் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எஸ்ரா இருந்த அறையில் செனட்டர் வைதர்ஸ், வெள்ளைக் கோட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகரத் தட்டையும் தகரக் குவளையையும் பார்த்தார். முகம் சிவந்தது.

"இதுலயா? எனக்கா? உன் வீட்டுக் கோப்பை எங்கே, மோசெல்?"

மோசெல் தட்டைக் கம்பிக்கு அடியில் தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோங்க செனட்டர். நல்ல கோப்பைங்க இந்த ரூமுக்கு வந்தா உடைஞ்சு போகுது."